‘மரபணுக் கோளாறு இல்லை’ என்ற அறிக்கையை நம்பி நாங்கள் இழந்த காலம்

சிறுமூளை மெல்ல மெல்லச் சுருங்கி நடையும் பேச்சும் குலைந்துபோகும் பரம்பரை நோய் ஒன்று எங்கள் குடும்பத்தில் ஓடுகிறது. அதன் சரியான பெயரைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகளும் ஒன்றே முக்கால் லட்சம் ரூபாயும் ஆயின. அவற்றில் பெரும்பகுதி, தவறான இடங்களில் தேடியதிலும், எந்தப் பரிசோதனை எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று யாரும் எங்களுக்குச் சொல்லாததிலும் போனவை. தொடக்கத்திலேயே யாராவது ஒருவர் அரைமணி நேரம் உட்கார்ந்து விளக்கியிருந்தால் இவ்வளவு அலைச்சல் நேர்ந்திருக்காது என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை. இதே வழியில் இனி நடக்கப்போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்பதற்காக, நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

என் அண்ணன் ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்குப் பார்த்துவந்தார். அவருடைய கையெழுத்து அச்சில் வார்த்ததுபோல இருக்கும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். முப்பத்திரண்டு வயதில் அந்தக் கையெழுத்துதான் முதலில் குலைந்தது. பேரேட்டில் இலக்கங்கள் வரிக்கோட்டிலிருந்து விலகி மேலும் கீழும் ஏறி இறங்கத் தொடங்கின. பிறகு சட்டைப் பொத்தான் போடுவதற்கு நேரம் பிடித்தது; தேநீர்க் குவளையை எடுக்க நீளும் கை குவளையைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. கால்களை அகட்டி வைத்து நடந்தார். திரும்பும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். பேச்சு குழறத் தொடங்கியதும் ஊர் முடிவுகட்டிவிட்டது, அவர் குடிக்கிறார் என்று. வாழ்க்கையில் ஒரு சொட்டு மதுவைத் தொடாத மனிதர் அவர். இரவில் வண்டியோட்டி வரும்போது சோதனைக்காக நிறுத்தப்பட்டு, ஊதிக் காட்டிய கருவியில் எதுவும் பதிவாகாத நிலையிலும், நடையைப் பார்த்து நம்பாமல் நெடுநேரம் நிற்கவைக்கப்பட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் அண்ணியிடம்கூடப் பேசவில்லை. நோயைவிட அந்தச் சந்தேகம்தான் அவரை உடைத்தது என்பதை அருகிலிருந்து பார்த்தவள் நான். இந்த வகை நோயுள்ளவர்கள் மருத்துவரிடமிருந்து ‘சிறுமூளைப் பாதிப்பால் நடையும் பேச்சும் தடுமாறும்’ என்று ஒரு கடிதம் வாங்கிச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்வது நல்லது. அண்ணன் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறார்.

முதலில் எலும்பு மருத்துவரிடம் போனோம். கழுத்தெலும்புத் தேய்மானம் என்றார். கழுத்துப் பட்டையும் சில மாத்திரைகளும் கிடைத்தன. அடுத்தது தலைசுற்றல் என்று காது மூக்கு தொண்டை மருத்துவர். அதற்குப் பிறகு பி12 ஊசிகள், சித்த வைத்தியம், எண்ணெய்ச் சிகிச்சை என்று ஓராண்டு ஓடிவிட்டது. கடைசியில் ஒரு பொது மருத்துவர் மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். அதில் சிறுமூளை சுருங்கியிருப்பது தெரிந்தது. அந்தப் படத்தோடு ஒரு தனியார் மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்குப் போனபோதும், முதல் கேள்வி எவ்வளவு காலமாகக் குடிக்கிறார் என்பதாகத்தான் இருந்தது. நெடுங்காலக் குடியாலும் சிறுமூளை சுருங்கும் என்பதால் அந்தக் கேள்வி அவசியமானதே. ஆனால் இல்லை என்ற பதிலை நம்பாமல் அதையே என்னிடமும் அண்ணியிடமும் தனித்தனியே கேட்டது, காயத்தின் மேல் காயமாக இருந்தது.

அங்கேதான் மரபணுப் பரிசோதனை என்ற பேச்சு முதன்முதலாக வந்தது. ‘எக்ஸோம் பாருங்கள், எல்லா மரபணுக்களையும் ஒரேயடியாகப் பார்த்துவிடும்’ என்று சொல்லி ஆய்வகத்தின் படிவத்தை நீட்டினார்கள். மரபணுக்களில் புரதக் குறிப்புள்ள பகுதிகளை மட்டும் படிக்கும் பரிசோதனை அது. கட்டணம் 26,000 ரூபாய். ஊதா மூடியிட்ட குழாயில் சிறிது இரத்தம் எடுத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். குடும்பத்தில் வேறு யாருக்கு இருக்கிறது, யார் எந்த வயதில் இறந்தார், பெற்றோர் உறவில் திருமணம் செய்தவர்களா என்று யாரும் கேட்கவில்லை. முடிவு என்னவாக வரலாம், வந்தால் என்ன பொருள் என்றும் சொல்லவில்லை. ஏறத்தாழ ஒன்றரை மாதம் கழித்து மின்னஞ்சலில் வந்த அறிக்கையில், நோய்க்குக் காரணமான மாற்றம் எதுவும் காணப்படவில்லை என்று இருந்தது. எங்களுக்கு நெஞ்சில் பால் வார்த்ததுபோல் இருந்தது. இது பரம்பரை நோய் இல்லை, அண்ணனின் இரண்டு குழந்தைகளுக்கும் வராது, எனக்கும் வராது என்று அன்றிரவு வீட்டில் எல்லோரும் நம்பினோம். மருத்துவமனையிலும் ‘மரபணுவில் ஒன்றுமில்லை’ என்றுதான் சொன்னார்கள்.

அந்த அறிக்கையில் இன்னொரு வரியும் இருந்தது. ஏதோ ஒரு மரபணுவில், பொருள் இன்னதென்று உறுதியாகாத மாற்றம் ஒன்று இருக்கிறது என்று போட்டிருந்தார்கள். ஆங்கிலச் சுருக்கத்தில் வி.யு.எஸ். என்பார்கள். மரபணு மாற்றங்களை நோய் தருவது, தரக்கூடியது, உறுதியாகாதது, தீங்கற்றதாக இருக்கக்கூடியது, தீங்கற்றது என்று ஐந்து படிகளாகப் பிரிக்கும் முறையை அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி 2015இல் வகுத்தது. ஆய்வகங்கள் பலவும் அதைத்தான் பின்பற்றுகின்றன. உறுதியாகாதது என்றால் அதை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்பதே பொருள். எங்களுக்கு அது தெரியாததால், அந்த மரபணுவின் பெயரை இணையத்தில் தேடித் தேடி, அது தொடர்பான எல்லா நோய்களையும் அண்ணன்மேல் ஏற்றிப் பார்த்துத் தூக்கத்தைத் தொலைத்தோம். கூடுதல் கட்டணம் கட்டி அம்மாவின் இரத்தத்தையும் பரிசோதித்தபோது, அதே மாற்றம் அம்மாவிடமும் இருந்தது. அறுபது வயதைக் கடந்தும் நிமிர்ந்து நடக்கும் அம்மாவிடம் அது இருக்கிறதென்றால், அண்ணனின் நோய்க்கு அதுதான் காரணம் என்பதற்கு வாய்ப்பு மிகவும் குறைவு. அந்த வரிக்காக நாங்கள் பட்ட பாட்டை இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. உங்கள் அறிக்கையில் அப்படி ஒரு வரி இருந்தால், அதன் பெயரைத் தேடத் தொடங்குவதற்கு முன் ஒரு மரபணு ஆலோசகரிடம் காட்டுங்கள்.

அதற்குப் பிறகும் ஓராண்டுக்கு மேல், ‘பரம்பரை இல்லை’ என்ற நம்பிக்கையில் வேறு காரணங்களைத் தேடிக்கொண்டிருந்தோம். உடலின் எதிர்ப்பாற்றல் மூளையைத் தாக்குகிறதோ என்று விலையுயர்ந்த இரத்தப் பரிசோதனைகள், தண்டுவட நீர் எடுத்துப் பார்ப்பது, ஸ்டீராய்டு மருந்து என்று பணம் கரைந்தது. ஸ்டீராய்டால் அண்ணனின் முகம் வீங்கியதே தவிர, நடையில் ஒரு மாற்றமும் இல்லை.

திருப்பம், மனநலத்துக்கும் நரம்பியலுக்குமான தேசிய நிறுவனமாகிய பெங்களூரு நிம்ஹான்ஸில் நேர்ந்தது. அங்கே அண்ணனைப் பரிசோதித்த மருத்துவர் நாங்கள் கொண்டுபோன எம்.ஆர்.ஐ. படத்தைக் கையில் வாங்குவதற்கு முன்பே அவருடைய கண்களைப் பார்த்தார். இரண்டு விரல்களை இருபுறமும் நீட்டி, தலையை அசைக்காமல் ஒரு விரலிலிருந்து மற்ற விரலுக்குப் பார்வையை மாற்றச் சொன்னார். நமக்கெல்லாம் கண் சட்டென்று தாவும். அண்ணனின் கண்கள் மெதுவாக நகர்ந்து போய்ச் சேர்ந்தன. கூடவே இருந்தும் நாங்கள் யாரும் அதைக் கவனித்ததே இல்லை. உடனே அவர் கேட்டது, உங்கள் அப்பா எப்படி இறந்தார் என்று. பரம்பரைச் சிறுமூளை நோயோடு கண்ணசைவு மந்தமாவதை, ஒன்பது இந்தியக் குடும்பங்களை ஆராய்ந்து 1971இலேயே எழுதியவர்கள் மும்பையைச் சேர்ந்த நோஷிர் வாடியாவும் அவருடன் பணியாற்றிய சுவாமியும். அந்த வகையின் மரபணு 1996இல் கண்டறியப்பட்டது. இன்று அதை எஸ்.சி.ஏ. 2 என்கிறார்கள்; ஸ்பைனோசெரிபெல்லார் அட்டாக்சியா என்ற பரம்பரைச் சிறுமூளைத் தடுமாற்ற நோயின் இரண்டாம் வகை. நம் நாட்டு மருத்துவர்களே அரை நூற்றாண்டுக்கு முன் அடையாளம் காட்டிய ஓர் அறிகுறியை, அதற்கு முன் நாங்கள் பார்த்த ஒருவர்கூடச் சோதிக்கவில்லை என்பது எனக்குப் பொறுக்க முடியாத வேதனை. விரல்களை நீட்டிப் பார்க்கும் அந்தச் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை.

எக்ஸோமில் ஏன் தெரியவில்லை என்று கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கியதை என் சொற்களில் சொல்கிறேன். எஸ்.சி.ஏ. 1, 2, 3, 6, 7, 12, 17 ஆகிய வகைகளில் மரபணுவின் எழுத்து மாறிப்போவது இல்லை. சி.ஏ.ஜி. என்ற மூன்றெழுத்துத் தொகுதி அடுத்தடுத்து அளவுக்கு மீறி நீண்டுவிடுகிறது. எஸ்.சி.ஏ. 2 மரபணுவில் பெரும்பாலானவர்களுக்கு அது 22 முறை இருக்கும்; 31 வரை இயல்பு; 33 அல்லது அதற்கு மேல் போனால் நோய். எக்ஸோம் முறையோ மரபணுத் தொகுதியைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, ஏறத்தாழ 150 எழுத்துகள் கொண்ட துண்டுகளாகப் படித்து, பிறகு ஒட்டிச் சேர்க்கிறது. 41 தொகுதிகள் என்றாலே 123 எழுத்துகள் ஆகிவிடும். அந்தத் துண்டு எந்த இடத்தைச் சேர்ந்தது என்று அடையாளம் காட்ட இருபுறமும் மிச்சம் இருப்பது மிகவும் சொற்பம். அண்ணன் இதைத் தன் கடைப் பாஷையில் புரிந்துகொண்டார்: சேலைக் கரை முழுவதும் ஒரே மாங்காய் ஓடுகிறது, அதைச் சாண் சாணாக வெட்டிக் குவித்துவிட்டால், முழுக் கரையில் எத்தனை மாங்காய் இருந்தது என்று எப்படிச் சொல்வது. ஃபிரெட்ரிக் அட்டாக்சியா என்ற இன்னொரு வகையில் நீளும் பகுதி, மரபணுவின் புரதக் குறிப்பு இல்லாத இடைப்பகுதியில் இருப்பதால், எக்ஸோம் பெரும்பாலும் அந்த இடத்தைப் பார்ப்பதே இல்லை. இவற்றைக் கண்டுபிடிக்க, நீளத்தையே அளக்கும் தனிப் பி.சி.ஆர். பரிசோதனைகள் இருக்கின்றன. அவற்றின் செலவு எக்ஸோமைவிடக் குறைவு. எங்களுக்குச் சில ஆயிரம் ரூபாய்தான் ஆயிற்று.

வீட்டுக்கு வந்து பழைய எக்ஸோம் அறிக்கையைத் திரும்ப எடுத்துப் படித்தேன். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், ‘மூன்றெழுத்துத் தொடர் நீட்சிகளை இந்தப் பரிசோதனை கண்டறியாது’ என்று பொருள்படும் ஆங்கில வரி இருந்தது. முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் ‘நெகட்டிவ்’ என்றும், கடைசிப் பக்கத்தில் அப்படி ஒரு வரியும். பணம் வாங்குவதற்கு முன் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டிய செய்தி அது. ஆகவே எந்த மரபணுப் பரிசோதனைக்கும் கையெழுத்திடுவதற்கு முன், ‘இது எதையெல்லாம் கண்டுபிடிக்காது’ என்று கேளுங்கள். நடைத் தடுமாற்றமும் சிறுமூளைச் சுருக்கமும் இருந்தால், தொடர் நீட்சிப் பரிசோதனையை முதலில் செய்யலாமா என்று கேளுங்கள். எக்ஸோம் வீண் என்று நான் சொல்லவில்லை. எழுத்துப் பிழைகளால் வரும் நோய்களில் அதுவே சிறந்த வழி. ஏற்கெனவே செய்துவிட்டவர்கள் அதன் மூலத் தரவுகளை ஆய்வகத்திடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் துறையில் புதிய காரணங்கள் வந்துகொண்டே இருக்கின்றன: ஆர்.எஃப்.சி.1 மரபணுவின் நீட்சி 2019இல் தெரிந்தது, எஃப்.ஜி.எஃப்.14 மரபணுவின் நீட்சி 2022இன் இறுதியில்தான் வெளியானது. சில ஆண்டுகளுக்கு முன் ‘இல்லை’ என்று வந்ததை இன்றைக்குத் திரும்பப் பார்க்க நியாயம் இருக்கிறது.

அப்பா நாற்பத்து நான்கு வயதில் மாடிப்படியில் தவறி விழுந்து இறந்தார். அதை விபத்து என்றே நம்பி நாங்கள் வளர்ந்தோம். நிம்ஹான்ஸில் கேட்ட கேள்வியோடு திருப்பூரில் இருக்கும் அத்தையைப் பார்க்கப் போனேன். அத்தை நடமாட்டம் குறைந்து வீட்டோடு இருப்பது எங்களுக்குத் தெரியும். மூட்டுவலி என்று சொல்லிவைத்திருந்தார்கள். அன்று எனக்குக் கதவைத் திறக்க அவர் சுவரைப் பிடித்தபடி வந்த விதமே பதிலாக இருந்தது. நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, ‘உங்க தாத்தாவுக்கும் இப்படித்தான் கண்ணு, கடைசியில சோறு அள்ளி வாய்க்குக் கொண்டுபோக முடியாது. பொண்ணுங்களுக்குக் கல்யாணம் ஆகணுமே, வெளிய சொன்னா யாரு வருவா?’ என்றார். அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தாத்தா, அப்பா, அத்தை, அண்ணன் என்று மூன்று தலைமுறை வரிசையாக ஒரு தாளில் வரைந்து காட்டியிருந்தால், எந்த நரம்பியல் மருத்துவரும் முதல் நாளே சரியான பரிசோதனையை எழுதியிருப்பார். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள நோய் இது. தந்தை வழியாக இறங்கும்போது தொடர் இன்னும் நீளக்கூடும் என்பதால், அடுத்த தலைமுறையில் இளம் வயதிலேயே தொடங்கலாம். தமிழ்நாட்டில் ஒரு சமூகத்தில் எஸ்.சி.ஏ. 1 அதிகமாகக் காணப்படுவதை 2005இல் ஓர் இந்திய நரம்பியல் இதழில் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். நெருங்கிய உறவுக்குள்ளேயே மணம் முடிக்கும் நம் வழக்கத்தில், ஒரு வீட்டின் மௌனம் பல வீடுகளைத் தொடும். மருத்துவரிடம் போவதற்கு முன், வீட்டுப் பெரியவர்களிடம் தனித்தனியாகப் போய்க் கேளுங்கள். ‘இந்த நோய் யாருக்காவது இருந்ததா’ என்று கேட்டால் இல்லை என்பார்கள். ‘கடைசிக் காலத்தில் எப்படி நடந்தார், கோல் ஊன்றினாரா, பேச்சு புரிந்ததா, எத்தனை வயதில் படுக்கையில் விழுந்தார்’ என்று கேட்டால் சொல்வார்கள்.

தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று எல்லோருக்கும் அந்த மரபணுவின் இரண்டு பிரதிகள் உண்டு; அண்ணனின் முடிவு ஒன்றில் 22, மற்றதில் 41 என்று வந்தது. எஸ்.சி.ஏ. 2 உறுதியாயிற்று. அன்றைக்கு நான் அழுதேன், அண்ணன் அழவில்லை. ‘குடிகாரன் இல்லைன்னு இப்ப காகிதத்துல இருக்கு’ என்று மட்டும் சொன்னார். இந்த வகைக்கு நோயையே நிறுத்தும் மருந்து இப்போது இல்லை. பிறகு எதற்குப் பெயர் தெரிய வேண்டும் என்று உறவினர்கள் கேட்டார்கள். இதேபோன்ற தடுமாற்றத்தைத் தரும் பரம்பரை நோய்களில் மருந்துள்ளவையும் இருக்கின்றன என்பதே என் முதல் பதில். வைட்டமின் இ உடலில் தங்காமல் போகும் வகைக்கு அந்த வைட்டமினையே அதிக அளவில் கொடுத்துப் பாதிப்பு மேலும் முற்றாமல் தடுக்கலாம்; உடலில் செம்பு தேங்கும் வில்சன் நோயில் அதை வெளியேற்றும் மருந்துகள் உண்டு; ஃபிரெட்ரிக் அட்டாக்சியாவுக்கு ஒமாவெலாக்சலோன் என்ற மருந்தை அமெரிக்கா 2023இல் அனுமதித்தது. பெயர் தெரியாமல் இருப்பது, இருக்கும் மருந்தையும் இழப்பதாகும். எங்களைப் பொறுத்தவரை, பெயர் தெரிந்த நாளோடு ஸ்டீராய்டும் வீண் பரிசோதனைகளும் நின்றன.

நோய் உறுதியான செய்தி பரவியதும், ஸ்டெம் செல் சிகிச்சை என்று சில லட்சங்கள் கேட்டு ஒரு மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தது. நிலத்தை விற்றாவது செய்துவிடலாம் என்று அம்மா துடித்தார். நிம்ஹான்ஸ் மருத்துவர் உறுதியாகத் தடுத்தார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, அனுமதிக்கப்பட்ட சில இரத்தம் சார்ந்த நோய்களைத் தவிர மற்றவற்றுக்கு ஸ்டெம் செல்லை முறையான ஆய்வுக்குள் மட்டுமே பயன்படுத்தலாம். ஆய்வில் பங்குபெறுகிறவரிடம் பணம் கேட்கக் கூடாது. பணம் கேட்டால் அது ஆய்வு இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். அண்ணனுக்கு உண்மையில் பயன் தருவது, நாள்தோறும் செய்யும் சமநிலைப் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும், விழுங்குவதில் கவனமும், குளியலறையில் பொருத்திய கைப்பிடிகளும்தான்.

காப்பீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அண்ணன் மருத்துவமனையில் சேர்ந்திருந்த செலவை, ‘பரம்பரை நோய்’ என்று காரணம் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் முதலில் மறுத்தது. மரபணு நோய் என்பதற்காகவே ஒட்டுமொத்தமாக விலக்குவது பாகுபாடு என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து அந்த மார்ச் மாதமே, அப்படிக் கோரிக்கைகளை மறுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. இவ்விரண்டையும் குறிப்பிட்டு எழுத்தில் முறையிட்ட பிறகே எங்கள் தொகை வந்தது. மறுப்பைத் தொலைபேசியில் ஏற்றுக்கொள்ளாமல் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இனி என்னைப் பற்றி. எனக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அறிகுறி எதுவும் இல்லாதவர் தனக்கு வருமா என்று பார்த்துக்கொள்ளும் பரிசோதனை வேறு வகையைச் சேர்ந்தது. ஹண்டிங்டன் என்ற இன்னொரு பரம்பரை மூளை நோய்க்காக 1994இல் வகுக்கப்பட்ட சர்வதேச நெறிமுறைகளே இதற்கும் வழிகாட்டுகின்றன: முன்கூட்டியே ஆலோசனை, யோசிக்க அவகாசம், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமை, தெரிந்துகொள்ளாமல் இருக்கும் உரிமை, பதினெட்டு வயது நிரம்பாத குழந்தைகளுக்குச் செய்யாமை. நான் ஆலோசகரிடம் பேசினேன். இப்போதைக்குப் பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். முடிவு தெரிந்தால் என் வேலையிலோ சிகிச்சையிலோ எதையும் மாற்றப்போவதில்லை; குழந்தை பெற முடிவு செய்யும் நாளில் நிலைமை வேறு. கருப்பதிப்புக்கு முன் கருவைப் பரிசோதிக்கும் வழி அப்போது இருக்கும் என்பதையும் ஆலோசகர் விளக்கினார். என் முடிவுதான் சரி என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். தெரியாமல் இருப்பதைத் தாங்க முடியாதவர்களும் இருக்கிறார்கள், அவர்களுடைய நியாயமும் நியாயமே. அண்ணனின் குழந்தைகளுக்கு இப்போதே பார்த்துவிடலாம் என்று சொன்ன பெரியவர்களுக்கு மட்டும், அந்த முடிவு அவர்கள் வளர்ந்த பிறகு அவர்களுடையது என்று கண்டிப்பாகப் பதில் சொன்னேன்.

அண்ணனின் ஒப்புதலோடு, அவருடைய அறிக்கையின் நகலை அத்தையின் மகள்களுக்குக் கொடுத்திருக்கிறோம். அதோடு, மரபணுவின் பெயர், இரண்டு எண்கள், எந்த முறையில் அளக்கப்பட்டது, தேதி ஆகியவற்றை ஒரு தாளில் தனியாக எழுதிக் கொடுத்தேன். வீட்டில் ஒருவருக்கு வகை உறுதியாகிவிட்டால், மற்றவர்கள் பல வகைகளையும் ஒன்றாகப் பார்க்கும் பரிசோதனைக்கோ எக்ஸோமுக்கோ போகத் தேவையில்லை. அந்த ஒரே மரபணுவின் நீளத்தை மட்டும் பார்த்தால் போதும். பெரியவள் தன் கணவரிடம் தாளைக் காட்டிவிட்டு ஆலோசனைக்குப் பதிவு செய்திருக்கிறாள். சின்னவள் வாங்கிக்கொண்டாள், எதுவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.